குருதியில் மொழி தேடுவோர்

2024-ஆம் ஆண்டில் முன்வெளியீடாக வந்து, பின்னர் ஐரோப்பிய மனித மரபியல் இதழில் இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரை ஒன்று, கர்நாடகக் கடற்கரையிலும் கேரளத்தின் காசர்கோட்டுப் பகுதியிலும் வாழும் கொரகர் என்னும் பழங்குடியினரின் மரபணுத்தொகையை ஆராய்ந்தது. இந்தியர்களின் மூதாதைமையில் இதுவரை மூன்று பெருங்கூறுகள் பேசப்பட்டு வந்தன: அந்தமானியரோடு தொலைதூர உறவுடைய பண்டைய வேட்டைச் சமூகங்களின் கூறு, ஈரானியப் பீடபூமியோடு உறவுடைய கூறு, புல்வெளி மேய்ச்சல் சமூகங்களின் கூறு. இவற்றோடு நான்காவதாக ஒன்று கொரகரிடம் தெரிகிறது என்றும், அது ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன் ஈரானியப் பீடபூமிக்கும் சிந்துவெளிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் உருவாகியிருக்கலாம் என்றும் கட்டுரை முன்மொழிந்தது. இவ்வளவும் விவாதத்துக்குரிய, மதிக்கத்தக்க அறிவியல் முன்மொழிவே. ஆனால் அந்தக் கூறுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மூலத்திராவிட மூதாதைமை' என்பது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

மூலத்திராவிடம் என்பது ஒரு மொழி. அதுவும் கல்லிலோ ஓட்டிலோ கிடைத்த மொழியன்று. தமிழ், துளு, தெலுங்கு, கோண்டி, குடுக்கு, பிராகுயி முதலிய மொழிகளின் ஒலியொப்புமைகளிலிருந்து மொழியியலாளர் பின்னோக்கிக் கட்டியெழுப்பிய கருத்துரு. அதைப் பேசியவர்கள் இன்னார் என்று காட்டும் எலும்பு ஒன்றுகூட உலகில் எங்கும் இல்லை, இருக்கவும் முடியாது. எலும்பு பேசாது. ஒரு மொழியின் பெயரை ஒரு மரபணுக் கூறின் தலையில் சூட்டும்போது, நிறுவப்பட வேண்டிய முடிவு பெயரிலேயே நிறுவப்பட்டுவிடுகிறது. அதன்பிறகு யாரும் அதை ஆராய வேண்டியதில்லை. பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். தமிழ்ச் சமூக ஊடகங்களில் நடந்ததும் அதுவே. 'இருக்கலாம்' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோனது; 'திராவிடரின் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது' என்பது மட்டும் ஊர் சேர்ந்தது.

மொழியும் மரபணுவும் ஒன்றாகவே பயணம் செய்யும் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிரான சான்று திராவிடக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி ஐயத்துக்கிடமின்றித் திராவிட மொழி. அதைப் பேசுவோரின் மரபணுத்தொகையை 2017-இல் ஆராய்ந்தபோது, அவர்கள் பலூச்சி பேசும் அண்டை மக்களிடமிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை என்பதும், தென்னிந்தியத் திராவிட மொழியினரோடு தனித்த நெருக்கம் எதுவும் இல்லை என்பதும் தெரியவந்தன. அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து பெயர்ந்து சென்று அண்டை மக்களோடு கலந்து கரைந்தனரா, அல்லது அங்கேயே தொன்றுதொட்டு வாழ்ந்து மொழியைக் காத்தனரா என்பதற்கு மரபணு விடை தரவில்லை. மொழியியலிலேயே அது இன்றளவும் வழக்காடப்படும் கேள்வி. பிராகுயி பேசுவோரிடம் 'மூலத்திராவிடக் கூறு' போதிய அளவில் இல்லையென்றால் அவர்கள் பேசுவது திராவிடம் ஆகாதா? அவர்களிடம் அது இருந்தால், அதே அளவில் அதைக் கொண்டிருக்கும் பலூச்சியர் ஏன் திராவிடர் ஆகவில்லை? இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு பெயர் சூட்டியவர்களுடையது.

அந்த 4,400 என்னும் எண்ணுக்கு ஒரு துணை எண் உண்டு. 2018-இல் இராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் இதழில் விஷ்ணுபிரியா கோலிபாகம் முதலானோர் வெளியிட்ட கட்டுரை, திராவிட மொழிக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று கணித்தது. (கோலிபாகம் தேராதூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். திராவிடத்தின் வயதை உலகுக்குச் சொன்ன கட்டுரையின் முதலாசிரியர் ஒரு வனவிலங்கு ஆய்வாளர். தமிழ்த்துறைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்பது தனிக் கட்டுரைக்கான பொருள்.) இப்போது மொழிக்கு 4,500, மரபணுவுக்கு 4,400. இரண்டும் பொருந்துகின்றன, ஆகவே இரண்டும் உண்மை என்று முழங்குகிறார்கள். ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே நேரத்தைச் சொன்னால் வழக்கு வலுப்பெறும். ஆனால் ஒரு சாட்சி 'நான்கரை மணி இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம், ஆறரையாகவும் இருக்கலாம்' என்று சொன்னால்? 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையின் கணிப்பு உண்மையில் அத்தகையதே. 4,500 என்பது நடுமதிப்பு. அதைச் சூழ்ந்த நம்பக இடைவெளி ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் முதல் 6,500 ஆண்டுகள் வரை நீள்கிறது. அதற்குள் சிந்துவெளி நாகரிகத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அத்தனை காலமும் அடங்கும். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. முதன்மைக் கிளைகளுக்கு இடையிலான உறவில் உறுதியின்மை மிகுதி என்பதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மறைத்தது அதைப் பகிர்ந்தவர்களே. அவர்களில் ஒரு சாரார் 'திராவிடக் குடும்பத்தின் வயது' என்பதைத் 'தமிழின் வயது' என்று மாற்றியும் கொண்டார்கள். குடும்பத்தின் வயது தமிழின் வயதானால், அதே கணக்கில் கோண்டியின் வயதும் அதுவே, மால்தோவின் வயதும் அதுவே.

அந்த எண் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தால் அதை ஏந்தி ஊர்வலம் போகும் வேகம் சற்றுக் குறையும். 20 திராவிட மொழிகளிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் 100 அடிப்படைப் பொருள்கள் கொண்ட சொற்பட்டியல் தொகுக்கப்பட்டது. நீர், கல், கண், பெயர், உண், வா போன்றவை அப்பொருள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எந்தெந்த மொழிகள் இனச்சொற்களைப் பயன்படுத்துகின்றன என்பது ஒன்று, சுழியம் என்று குறிக்கப்பட்டது. இந்த எண்வரிசைகள் பீஸ்ட் என்னும் கணினி நிரலுக்குள் செலுத்தப்பட்டன. பீஸ்ட் உயிரியலுக்காகப் பிறந்தது. கொரோனா நச்சுயிரி எப்போது மனிதரிடையே பரவத் தொடங்கியது என்று கணிக்கவும் அதுவே பயன்பட்டது. நச்சுயிரியின் மரபுத்தொடரில் எழுத்துகள் மாறும் வேகத்தை வைத்து அது கிளைமரத்தை வரைகிறது; கோடிக்கணக்கான மரங்களைத் துழாவி, தரவுக்கும் முன்கூட்டிக் கொடுத்த அனுமானங்களுக்கும் ஒருங்கே பொருந்தும் மரங்களைத் தேர்கிறது. முன்கூட்டிக் கொடுத்த அனுமானங்கள் என்ற சொற்றொடர் இங்கே முக்கியமானது. நிரல் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு வெளியே எதையும் சொல்வதும் இல்லை.

இதற்கு இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. 2003-இல் ரசல் கிரேயும் குவென்டின் அட்கின்சனும் அக்குடும்பத்தின் வேரை ஏறத்தாழ 8,700 ஆண்டுகளுக்கு முன்னால் வைத்தனர். தாயகம் அனத்தோலியா என்றனர். 2015-இல் பெர்க்லியைச் சேர்ந்த வில் சாங் முதலானோர் ஒத்த வகைத் தரவையும் ஒத்த வகைக் கணிப்பையும் கையாண்டு ஒரேயொரு அனுமானத்தைச் சேர்த்தனர்: இலத்தீன் ரோமானிய மொழிகளின் தாய், பழைய ஐரிஷ் இன்றைய ஐரிஷின் தாய், வேதமொழி இன்றைய இந்தோ-ஆரிய மொழிகளின் தாய் எனப் பழைய மொழிகளை நேரடி மூதாதையராக நிறுத்தினர். வேர் ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கு இறங்கியது. தாயகம் புல்வெளிக்கு மாறியது. 2023-இல் பால் ஹெகார்ட்டி முதலானோர் அந்த அனுமானத்தைத் தளர்த்தி, 161 மொழிகளின் தரவோடு மறுபடியும் கணித்தபோது வேர் ஏறத்தாழ 8,100-க்கு ஏறியது. இரண்டாயிரம் ஆண்டுகள் மேலும் கீழும் ஊசலாடின. ஒவ்வொரு முறையும் உலகின் முதல்தர இதழ்கள் வெளியிட்டன. ஒவ்வொரு முறையும் நிரல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. மாறியது, தாயும் மகளும் யார் என்று மனிதர் முன்கூட்டிச் சொன்ன வாக்குமூலம்.

இந்த வாக்குமூலம் திராவிடத்தில் எங்கே சுடும் என்று திருவனந்தபுரத்தில் வாழ்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழந்தமிழ் மலையாளத்தின் தாயா, தமக்கையா? கால்டுவெல் 1856-இல் ஒரு விடை சொன்னார். ஏ.ஆர். ராஜராஜவர்மா கேரளபாணினீயத்தில் தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வழியை ஆறு மாற்றங்களாக வகுத்துக் காட்டினார். வேறு அறிஞர்கள் வேறு விடைகள் சொல்லியிருக்கிறார்கள். ராஜராஜவர்மாவின் ஆறு மாற்றங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெல்லினமாகவே கரைவது ஒன்று: தமிழின் மாங்காய் அங்கே மாங்ங, கஞ்சி கஞ்ஞி, வந்து வந்நு. வினைமுற்றில் திணை, பால், எண், இட விகுதிகள் உதிர்வது மற்றொன்று: வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார்கள் ஆகிய அத்தனைக்கும் மலையாளத்தில் வந்நு ஒன்றே. இரு மொழிகளும் எப்போது, எந்த வரிசையில் பிரிந்தன என்று காட்டும் உண்மையான தடயங்கள் இவை. ஒன்றுக்கும் சுழியத்துக்கும் மொழிபெயர்த்த சொற்பட்டியலில் இவற்றில் எதுவும் தெரியாது. மாங்காயும் மாங்ஙயும் இனச்சொற்கள். ஆகவே இரண்டுக்கும் ஒன்று. 'வா' என்ற வேர் இரண்டிலும் உண்டு. ஆகவே இரண்டுக்கும் ஒன்று. நூறாண்டுக்கு முன்னரே ஓர் இலக்கணி செவியால் கேட்டு எழுதிய சான்றை இந்தத் தரவு வடிவம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தெரிய வேண்டாதது, மாறாக, தெரிந்துவிடும். திருவனந்தபுரம் கோட்டைக்கு அருகே இலட்சுமி வராகர் கோயிலையும் அதன் பெருங்குளத்தையும் சுற்றி அமைந்த ஸ்ரீவராகம் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். கோட்டையைச் சூழ்ந்த இத்தெருக்களில் திருவிதாங்கூர் மன்னர் காலத்திலிருந்தே தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. சாலைக் கடைத்தெருவுக்கு வணிகத்துக்கு வந்தவர்கள், நாஞ்சில் நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கோயிற்பணிக்கும் அரண்மனைப் பணிக்கும் வந்தவர்கள் எனப் பலவகையினர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். இங்கே ஒரு தமிழ் வீட்டில் 'நீர்' என்ற பொருளுக்குச் சொல் கேட்டால் 'வெள்ளம்' என்ற விடை வருவதில் வியப்பில்லை. கேரளத் தமிழரின் பேச்சிலும் குமரி மாவட்டத்துத் தமிழிலும் குடிநீர் வெள்ளமே. மதுரையில் வெள்ளம் என்றால் பெருக்கு. சொல் இரு மொழிக்கும் பொது, பொருள்தான் நகர்ந்திருக்கிறது. ஆனால் பட்டியல் பொருளை வைத்துச் சொல்லைக் கேட்பதால், மதுரைத் தமிழும் மலையாளமும் இப்பொருளில் வேறுபட்டவை என்றும், ஸ்ரீவராகத்துத் தமிழ் மலையாளத்தோடு ஒன்றியது என்றும் பதிவாகும். நிரலின் கண்ணில் இந்தத் தெரு தமிழ்க் கிளையிலிருந்து ஓரடி விலகி மலையாளக் கிளையை நோக்கிச் சாயும். உண்மையில் அத்தெரு எந்தக் கிளையிலிருந்தும் பிரியவில்லை. இரண்டு கிளைகளையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறது. இரண்டு இரண்டாக மட்டுமே பிரியத் தெரிந்த மரத்தில் அதற்கு இடமில்லை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீசுவரமும் சென்னை மாநிலத்துக்குப் போயின. மொழி அந்தக் கோட்டில் நிற்கவில்லை. மரபுக்கிளை மரத்துக்கு மாற்றாக வலைப்பின்னல் வரையும் நிரல்களும் இருக்கின்றன. ஆனால் வலைப்பின்னலுக்கு ஒற்றை வேரும் ஒற்றை ஆண்டும் கிடையா. ஆண்டு இல்லாத படத்தைத் தலைப்புச் செய்தியாக்க எவரும் முன்வருவதில்லை.

மரபணுவின் பக்கம் வந்தால், அதே தெருவில் நிலைமை தலைகீழ். மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் வீட்டுமொழி தமிழிலிருந்து மலையாளமாக மாறிவிடக்கூடும். பாட்டி தமிழில் திட்டுவார், பேத்தி மலையாளத்தில் சிரிப்பாள். அந்த மாற்றத்தால் அவர்களின் மரபணுத்தொகையில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஒரு தெருவில் அறுபது ஆண்டுகளில் நடக்கக்கூடிய இது, நாலாயிரம் ஆண்டுகளில் ஒரு துணைக்கண்டத்தில் எத்தனை முறை நடந்திருக்கும்?

கொரகரின் 'தனிக்கூறு' எந்தக் கருவியில் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2000-இல் வந்த ஸ்ட்ரக்சர், 2009-இல் வந்த அட்மிக்ஸர் முதலிய நிரல்கள் மனிதர்களை வண்ணப் பட்டைகளாக்கித் தருகின்றன. எத்தனை மூதாதைக் கூட்டங்கள் என்ற எண்ணைப் பயனர்தான் கொடுக்க வேண்டும். ஐந்து என்றால் ஐந்து வண்ணம், எட்டு என்றால் எட்டு வண்ணம். எந்த எண் தரவுக்குச் சிறப்பாகப் பொருந்துகிறது என்று பார்க்கச் சோதனைகள் உண்டு. ஆனால் 'சிறப்பாகப் பொருந்துவது' என்பதும் 'அத்தனை கூட்டங்கள் உண்மையில் வாழ்ந்தன' என்பதும் வேறு வேறு. சிறிய, நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்துகொண்ட ஒரு குழு தரவில் இருந்தால், நிரல் அதற்குத் தனி வண்ணம் கொடுக்க விரைகிறது. 2002-இல் உலகின் 52 மக்கட்குழுக்களை ஸ்ட்ரக்சர் கொண்டு பகுத்த புகழ்பெற்ற ஆய்வில், எண் ஐந்தாக இருந்தவரை கண்டங்கள் பிரிந்தன. ஆறு என்றதும் ஆறாவது வண்ணம் பாகிஸ்தானின் மலைப்பள்ளத்தாக்குகளில் வாழும் சில ஆயிரம் கலாஷ் மக்களுக்குப் போனது. கலாஷ் மக்கள் மனிதகுலத்தின் ஆறாவது கண்டம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. தனிமைப்பட்ட சிறு குழுவில் தற்செயலாக மரபணு விகிதங்கள் விலகிப்போனதை நிரல் அவ்வாறு காட்டியது. 2018-இல் டேனியல் லாசனும் உடனாய்வாளர்களும், மூன்று வேறுபட்ட வரலாறுகள் ஏறத்தாழ ஒரே வண்ணப் பட்டையைத் தர முடியும் என்று காட்டினர்: அண்மைக் கலப்பு ஒன்று, மறைந்துபோன கூட்டத்தோடு நிகழ்ந்த கலப்பு மற்றொன்று, கலப்பே இல்லாமல் மக்கள்தொகை சுருங்கியது வேறொன்று. கொரகரோ நூற்றாண்டுகளாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட, எண்ணிக்கையில் சுருங்கிவரும் சமூகம். கட்டுரையாசிரியர்கள் பட்டை ஒன்றை மட்டும் நம்பியிருக்கவில்லை, வேறு கணிப்புகளும் செய்திருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வொதுக்கலின் தடத்துக்கும் தொல்பழங்கால மூதாதையின் தடத்துக்கும் உள்ள வேறுபாடு ஐயமற நிறுவப்படும்வரை, 'மூலத்திராவிடம்' என்ற பெயர் அவசரமானது.

வண்ணத்துக்குப் பெயர் வைப்பது எவ்வளவு தற்செயலானது என்பதைத் தங்கள் உமிழ்நீரை அனுப்பிச் சோதித்துக்கொண்ட தென்னிந்தியர் பலர் அனுபவத்தில் அறிவர். ஹரப்பா மூதாதைமைத் திட்டம் என்று 2011-இல் ஆர்வலர் முயற்சியாகத் தொடங்கிய கணிப்பில், தென்னிந்தியர் பலருக்கு மூன்றிலொரு பங்குக்கும் மேலாகப் 'பலூச்' என்று வந்தது. பலுசிஸ்தானத்துக்கும் அவர்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அந்த வண்ணம் பலூச்சியரிடம் மிகுதியாக இருந்ததால் அதற்கு அப்பெயர், அவ்வளவே. அறிவியல் இதழ்களிலும் கதை பெரிதும் வேறன்று. 2009-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை 'மூதாதை வட இந்தியர்', 'மூதாதைத் தென்னிந்தியர்' என்னும் இரு பெயர்களை உலகுக்குத் தந்தது. அப்பெயர்கள் பிறந்த கதையை டேவிட் ரைக் 2018-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். 2008-இல் ஹைதராபாத்தில் லால்ஜி சிங்கும் தங்கராஜும் 'மேற்கு யூரேசியர்' என்ற சொல்லாட்சியை ஏற்கவில்லை. நெடிய, இறுக்கமான பேச்சுவார்த்தைக்குப் பின் எட்டப்பட்ட உடன்பாடே அவ்விரு பெயர்களும். பத்து ஆண்டு கழித்து, 'மூதாதைத் தென்னிந்தியர்' என்பதே ஒரு கலவை என்று 2019-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதற்குள் அப்பெயரைத் 'தூய திராவிடர்' என்று வாசித்து எத்தனையோ மேடைகளில் முழங்கியாகிவிட்டது.

2019 செப்டம்பர் நிகழ்வுகளை மறந்திருக்க முடியாது. ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்து, ஒரேயொரு பெண்ணின் எலும்பிலிருந்து மட்டும் பயன்படத்தக்க மரபணுத் தரவு கிடைத்தது. அவளிடம் புல்வெளிக் கூறு இல்லை. உடனே ஒரு பக்கம் 'ஆரியர் வரவே இல்லை' என்று செய்தியாளர் கூட்டம். அதே வாரம் வந்த, 523 பண்டைய மனிதர்களின் தரவைக் கொண்ட மற்றொரு கட்டுரையோ புல்வெளிக் கூறு பின்னர் வந்து சேர்ந்ததை விரிவாகக் காட்டியது. அக்கட்டுரையைப் பற்றி அந்தப் பக்கம் வாய் திறக்கவில்லை. தமிழ்நாட்டுப் பக்கமோ அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டது. அவள் என்ன மொழி பேசினாள் என்பதற்கு அவளுடைய எலும்பில் சான்று இல்லை. சிந்துவெளிக் குறிகள் இன்னும் வாசிக்கப்படவில்லை. அவள் திராவிட மொழியொன்றைப் பேசியிருக்கலாம் என்பது மொழியியல் வாதங்களால் வலுவூட்டத்தக்க கருதுகோள். அதை வலுவூட்டும் உழைப்பைச் செய்யாமல், மரபணுக் கட்டுரையின் தோளில் ஏறிக்கொள்வது சோம்பல். வடக்கின் பொய்யை எதிர்க்கத் தெற்கில் ஒரு பொய் தேவை என்போர் வடக்கின் விதிமுறையையே ஏற்றுக்கொள்கிறார்கள்.

2025-இல் கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையில் கிடைத்த இரு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினியால் முகம் மீட்டமைக்கப்பட்டபோதும் இதே ஆரவாரம். எலும்பின் வடிவிலிருந்து தாடையும் மூக்கின் எலும்பும் கண்குழியும் தெரியும். தோலின் நிறம், முடி, உதட்டின் தடிப்பு, பார்வையின் தன்மை ஆகியவற்றை எலும்பு மட்டும் சொல்லாது. அவற்றுக்கு இன்று அதே நிலப்பகுதியில் வாழும் மக்களின் அளவைகளையும் தோற்றத்தையும் துணைக்கொள்ள வேண்டும். அப்படியிருக்க, முகத்தைக் கண்டவுடன் 'நம்மைப் போலவே இருக்கிறார்' என்று வியப்பது, கண்ணாடியைப் பார்த்து வியப்பதற்குப் பெரிதும் வேறானதன்று. கொந்தகையின் ஈமத்தாழிகள் கவனத்தோடு அகழப்பட்டவை. அந்த அகழாய்வு ஏற்கெனவே பெருமைக்குரியது. அதற்கு முகப்பூச்சு தேவையில்லை.

ஆரவாரங்களுக்கிடையே கேட்காமல் போவது, இந்த ஆய்வுகள் மிக உறுதியாகச் சொல்லும் ஒரு செய்தி. 2013-இல் பிரியா மூர்ஜானி முதலானோர் காட்டியது: ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் ஏறத்தாழ எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள், பின்னர் கலப்பு அடங்கி அகமணம் இறுகியது. தூய குருதி என்று எந்தச் சாதிக்கும் எதுவும் இல்லை. சாதி இறுகியதற்குப் பிந்திய தடமோ குருதியில் தெளிவாக இருக்கிறது. 2017-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றுள் 81 குழுக்களில், பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட வலுவான நிறுவனர் விளைவு தெரிந்தது. அதாவது, சிலருடைய வழித்தோன்றல்களாகவே பெருகித் தமக்குள்ளேயே மணந்துகொண்டதால், அரிய பின்னடைவு நோய்கள் அங்கே திரண்டு வெளிப்படும் வாய்ப்பு மிகுதி. ஆந்திரத்து வைசியர் சமூகத்தில் அறுவை சிகிச்சையின்போது ஒரு குறிப்பிட்ட தசைதளர்த்தி மருந்து கொடுத்தால் ஆபத்து நேர்வதற்குக் காரணமான நொதிக் குறைபாடு அப்படிப்பட்டது. இவை மனித உயிரோடு நேரடித் தொடர்புடைய முடிவுகள். ஆனால் சாதிச் சங்கங்களின் பக்கங்களில் பகிரப்படுவது புல்வெளி விழுக்காடு. தங்கள் ஆண்வழிக் குறியீட்டை மீசை முறுக்கிக் காட்டுவோர், அதே ஆய்வின் அடுத்த பக்கத்தில் தங்கள் அகமணம் தங்கள் குழந்தைகளுக்கு என்ன செய்கிறது என்று எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. திராவிட இயக்கத்தின் பெயரால் மரபணுக் கட்டுரைகளைப் பகிர்வோரும் இந்தப் பக்கத்தைப் பகிர்ந்ததாகத் தெரியவில்லை. சாதிக்கு எதிராக இதைவிடக் கடினமான ஆவணம் ஆய்வகத்திலிருந்து வந்ததில்லை.

கொரகருக்குத் திரும்பினால், அவர்கள் மீது அஜலு என்றொரு வழக்கம் நெடுங்காலம் திணிக்கப்பட்டிருந்தது. பிறருடைய பிணியும் தீவினையும் அவர்கள்மேல் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில், முடியும் நகமும் கலந்த சோற்றை அவர்களுக்கு இட்டனர். கர்நாடக அரசு அதைத் தடைசெய்யத் தனிச் சட்டம் இயற்றிய ஆண்டு 2000. அந்த மக்களின் குருதியில் திராவிடத் தொன்மையைக் கண்டு களிப்போர், அந்த மக்களின் மொழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. கொரகா என்பது தனியொரு திராவிட மொழி. டி.என். சங்கர பட் 1971-இல் அதைப் பற்றி எழுதிய நூலில், தொலைவிலுள்ள வட திராவிட மொழிகளோடு அதற்குச் சில ஒப்புமைகள் இருப்பதாகக் கருதினார். மூலத்திராவிடத்தைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுவோர் பற்றிக்கொள்ள வேண்டிய நூல்முனை அது. 2018-ஆம் ஆண்டுக் கணிப்பின் 20 மொழிகளில் கொரகா இல்லை. மொழியின் வயதைக் கணித்த ஆய்வில் அம்மொழி சேரவில்லை. அதைப் பேசுவோரின் மரபணுவை ஆராய்ந்த கட்டுரையின் வயதோ அக்கணிப்போடு 'பொருந்துகிறது' என்று கொண்டாடப்படுகிறது. வெளியில் துளுவும் கன்னடமும் பேசி வாழ நேர்ந்த அச்சமூகத்தில் வீட்டுமொழி ஒவ்வொரு தலைமுறையிலும் தேய்கிறது. குருதி மாதிரியை உறைகுளிரில் நூறாண்டு வைக்கலாம். பேசும் வாய் மூடிய பின் மொழியை வைக்க இடமில்லை.

வ.அய். சுப்பிரமணியம் 1971-இல் திராவிட மொழியியற் கழகத்தை நிறுவியது திருவனந்தபுரத்தில். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் மொழியியல் துறையும் கணிப்பு உயிரியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ராஜராஜவர்மாவின் ஆறு மாற்றங்களை ஒலிமாற்ற விதிகளாக நிரலில் ஏற்றிப் பார்க்கவும், இனச்சொல்லை மட்டுமன்றிப் பொருள் நகர்வையும் இருமொழித் தெருக்களையும் கணக்கில் கொள்ளும் கணிப்பு மாதிரிகளைக் கட்டவும் தேவையான அறிவு இந்நகரில் சில கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. கொரகரிடம் அடுத்து செல்லும் குழு குருதிக் குப்பிகளோடு ஒலிப்பதிவுக் கருவியையும், அந்தச் சமூகத்தில் பிறந்த ஓர் ஆய்வாளரையும் அழைத்துச் செல்லட்டும். அவர்கள் காணும் கூறுக்கு 'கொரகரிடம் மிகுந்த கூறு' என்று பெயரிடட்டும். அந்த மக்கள் அப்பெயரை ஒப்புகிறார்களா என்று முதலில் அவர்களிடமே, அவர்கள் மொழியிலேயே, கேட்கட்டும்.